கங்காணியின் நாலு எழுத்து

போடிமெட்டுச் சாவடியைத் தாண்டி நாலு வளைவு இறங்கியிருந்தேன். தை மாதத்துக் காலை. வருடம் சரியாக நினைவில்லை. மெட்டுக்கு அந்தப் பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி, இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம். ஆகவே ஐம்பதுகளின் முன்பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஏலத்தோட்டத்தில் காய்ப் பறிப்பு முடிந்திருந்தது. கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், விடிவதற்கு முன்பே என் சாமான்களைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஐந்தாறு மாதம் ஒரே இடத்தில் இருந்தால் எனக்குக் கால் நமைக்கும். அதற்குள் ஏழெட்டு ஊர்களை அப்படித்தான் விட்டு வந்திருந்தேன்.

அவசரம் இல்லை. கீழே போடி இன்னும் மஞ்சுக்குள் கிடந்தது. ரோடு வளைந்து வளைந்து இறங்குவதை மேலிருந்து பார்த்தால், யாரோ பேனாவைத் தூக்காமல் ஒரே இழுப்பில் எழுதிவிட்டுப் போன வரி மாதிரி இருந்தது. ஓரத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து அந்த வளைவுகளை விரலால் காற்றில் எழுதிப் பார்த்தேன். மஞ்சு வந்து மூடியது, விலகியது, மறுபடி மூடியது. மூடியபோதும் என் விரல் நிற்கவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதைப் பார்த்தாலும் எழுத்தாகத்தான் தெரியும்.

படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் கற்ற மற்றதெல்லாம் வழியில் எங்கெங்கோ உதிர்ந்துவிட்டது. நாலுகோட்டு நோட்டில் இங்கிலீஷ் கூட்டெழுத்து எழுதிப் பழகியது மட்டும் கையில் தங்கியிருந்தது. பிறகு ஒரு நாள் தேவாரம் என்ற ஊரில் ஒரு கடையில் பொரிகடலை வாங்கினேன். பொட்டலம் மடித்த தாள் யாரோ எழுதிய கடிதத்தின் நடுப்பக்கம். தமிழ்தான். ஆனால் எழுத்துகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு, ஒரே சாய்வில், ஓடைத்தண்ணீர் போல ஓடின. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. மழை தாமதம், பசு கன்று போட்டது என்று வீட்டுச் சேதி. எழுதியது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கடலையைத் தின்றுவிட்டுத் தாளைப் பத்திரப்படுத்தினேன். தமிழைக்கூட இப்படிக் கோத்து எழுதலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தோட்டத்தில் கூட வேலை செய்த ஒருவரிடம் ஒரு ஊற்றுப்பேனா இருந்தது. அவரிடம் கம்பளி இல்லை. என் கம்பளியைக் கொடுத்துவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டேன். அந்த மழைக்காலம் முழுக்கச் சாக்கைப் போர்த்திப் படுத்தேன்.

எனக்கு வேலை, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுவது. விறகைத் தள்ளிவிட்டால் அது எரிந்து தணியும்வரை சும்மாதான் இருக்க வேண்டும். வெளியே இடைவிடாத சாரல், உள்ளே பச்சைக்காய் காயும் வாசனை. மை மாத்திரையை ஓடைத்தண்ணீரில் கரைத்துக்கொண்டு, சிமிட்டிச் சாக்கின் உள்தாளைக் கிழித்து முழங்காலில் வைத்து எழுதுவேன். முதல் ஒரு மாதம் எழுத்தே எழுதவில்லை. சாய்கோடும் சுழியும் மட்டும்தான். கீழே இழுக்கும்போது அழுத்தம், மேலே ஏற்றும்போது காற்று. விரலை ஆட்டினால் எழுத்து நடுங்கும், முழங்கையிலிருந்து வரவேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே பத்து நாள் ஆயிற்று. பேனாமுள் கரகரத்தால் ஓடையில் கிடந்த வழவழப்பான கல்லில் தேய்ப்பேன். ஒரு சொல்லை மூச்சை விடாமல் எழுதி முடித்துவிட்டு மூச்சு விட்டால், அந்த மலையே என்னோடு சேர்ந்து மூச்சு விட்ட மாதிரி இருக்கும். தாள் கிடைக்காத நாளில் நீளமான ஏல இலையில் முள்ளால் கீறுவேன். கீறிய இடம் சற்று நேரத்தில் பழுப்பேறி வரி தானாக எழுந்து வரும். ஐந்து மாதத்தில் என் எழுத்து அந்தப் பொட்டலத் தாளின் எழுத்துக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்கும் அளவுக்கு வந்துவிட்டது.

பறிப்பு முடிந்ததும் காய் பறித்த பெண்களுக்கு ஆளுக்கு அரைப்படி ஏலக்காய் கொடுப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். சீட்டில்லாமல் ஏலக்காயோடு மெட்டைத் தாண்டமுடியாது. சாவடியில் திருட்டுக்காய் என்று பிடித்துக்கொள்வார்கள். அதனால் கங்காணியே பென்சிலால் ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அவருடைய எழுத்து, காயவைத்த காயைக் கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பறிப்புக்கார அம்மா ஒருவர் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து முந்தானையில் காயை முடிந்துகொண்டிருந்தார். ராசிங்காபுரத்துக்காரர். புருஷன் இல்லை, ஒரே மகள். நாளை மறுநாள் காலையில் மகளுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்காகத்தான் இறங்குகிறார். அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். வியர்வையில் கசங்கி, ஒரு ஓரம் கிழிந்திருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எதையும் முதலில் ரஃப் நோட்டில் எழுதி, பிறகு ஃபேர் நோட்டில் அழகாக எழுதச் சொல்வார்கள். ரஃப் நோட்டுக்கு அதன்பிறகு மதிப்பில்லை. எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் எழுதித் தருகிறேன் என்றேன். நல்ல தாள் ஒன்று வைத்திருந்தேன். தோட்டத்தின் பெயர், அவர் பெயர், அரைப்படி காய், எல்லாவற்றையும் பேனாவை எடுக்காமல் எழுதினேன். கீழே கங்காணியின் பெயரையும் எழுதினேன். ஆம், அவர் கையெழுத்து இருந்த இடத்தில், அவர் பெயரை, அவரைவிட அழகாக. கடைசி எழுத்திலிருந்து ஒரு கொடி இழுத்துச் சுழித்து முடித்தேன். மை காய்ந்ததும் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பூத் தொடுத்த மாதிரில்ல இருக்கு" என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. பழைய சீட்டைச் சுருட்டி அடுப்பில் போட்டேன்.

இதெல்லாம் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த என் நினைவிலேயே இல்லை. மேலேயிருந்து இரண்டு பறிப்புக்காரப் பெண்கள் இறங்கி வந்தார்கள். அந்த அம்மாவோடு புறப்பட்டவர்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி நின்றாள். நான் விரலால் காற்றில் கிறுக்கிக்கொண்டிருந்ததையும் பார்த்துவிட்டாள்.

"இங்கன உக்காந்து ஆகாசத்துல எழுதுறியாக்கும்? நீ எழுதிக் குடுத்த சீட்டால அங்க அக்காவப் பிடிச்சு வச்சிருக்காக."

அவள் சொன்னது இதுதான். மூன்று பேரும் சீட்டைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு சீட்டு பென்சில் கிறுக்கல், ஒன்று மட்டும் கல்யாணப் பத்திரிகை அச்சடித்த மாதிரி. சாவடிக்காரருக்குக் கங்காணியின் எழுத்து பல வருடப் பழக்கம். இது கள்ளச்சீட்டு, காயும் களவுக்காய் என்று சொல்லிவிட்டார். இவர்கள் இருவரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் சீட்டை நீட்ட நீட்ட, பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அந்த அம்மாவின் சீட்டு இன்னும் பொய்யாகத் தெரிந்திருக்கிறது. சாயங்காலம்வரை தோட்டத்திலிருந்து யாரும் வராவிட்டால் அந்த அம்மாவை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவார்களாம்.

ராசிங்காபுரத்தில் எத்தனையோ பேர் மெட்டுக்குப் போய்வருகிறவர்கள். ஏலக்காய்த் திருடி என்று சாவடியில் உட்கார்ந்திருந்தவளின் மகளுக்கு மறுநாள் யார் பூ வைப்பார்கள் என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தன் கூட்டாளியிடம் கேட்டுக்கொண்டே இறங்கிப் போனாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நான் எழுந்து கீழேதான் நடந்தேன், மேலே அல்ல. ஒரு வளைவு முழுக்க நடந்தேன். யார் என்னைத் தேடப்போகிறார்கள் என்று தோன்றியது. போடிக்குப் போனால் பஸ், பஸ் ஏறினால் வேறு ஊர். வளைவு முடியும் இடத்தில் மஞ்சு கலைந்து வெயில் அடித்தது. நின்றேன். என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பையைத் தோள் மாற்றிக்கொண்டு மேலே ஏறினேன்.

சாவடியில் அந்த அம்மா அழவில்லை. சுவரோரம் முந்தானை முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு, போகிற ஜீப்புகளுக்கு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். நான் சாவடிக்காரரிடம் அந்தச் சீட்டை எழுதியது நான்தான் என்றேன். மலையாளம் கலந்த தமிழில் பேசுகிறவர், நிதானமானவர். கத்தவில்லை. ஒரு தாளை நகர்த்தி, எழுதிக் காட்டு என்றார்.

குளிரிலும் ஏறிவந்த இளைப்பிலும் விரல் மரத்திருந்தது. முதல் வரி என் எழுத்தாகவே இல்லை, குச்சிகுச்சியாக விழுந்தது. அவர் இது இல்லை என்று தலையை ஆட்டினார். கையை அக்குளில் வைத்துச் சூடுபண்ணிக்கொண்டு, கண்ணை மூடி, ஸ்டோரையும் சாரலையும் நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வரி ஓட ஆரம்பித்தது. மூன்றாவது வரியில் அந்தக் கொடியும் சுழியும் அப்படியே வந்தன. அந்த நேரத்திலும், ஒரு பெண்ணின் மானம் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோதும், எழுத்து அழகாக வந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சாவடிக்காரர் இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். பிறகு கங்காணியின் பெயர்மேல் விரலை வைத்தார்.

"செரி, எழுதியது நீதான். அப்போ இந்தக் கையொப்பும் நீ போட்டதுதானே?"

ஆமாம் என்றேன். சொல்லிய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவைக் காப்பாற்ற வந்தவன், கள்ளக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அழகாக எழுதினேன் என்றேன். அழகாக எழுதினால் அது அவன் ஒப்பு ஆகுமா என்று கேட்டார். ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்றெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு பேரையும் சேர்த்து ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடலாம் என்று பக்கத்திலிருந்த இன்னொரு சாவடி ஆள் சொன்னார். சாவடிக்காரர், கங்காணி கையால் எழுதின சீட்டு வெளிச்சம் இருக்கும்போதே வந்துசேர்ந்தால் விடுகிறேன் என்றார். தோட்டம் அங்கிருந்து ஐந்து மைல். நான் ஓடிப்போய்விடுவேன் என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று காலையில்கூட ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"போயிட்டு வெரசா வா அப்பு. வரலைன்னாலும் நான் இங்கனதான் இருப்பேன்."

திட்டியிருந்தால் நடப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஐந்து மைல் எப்படிப் போனது என்று நினைவில்லை. ஏலச்செடிகளுக்கு நடுவே, மரநிழலில், கனவில் நடப்பது போல நடந்தேன். எங்கு பார்த்தாலும் வளைவுகள், சுழிகள், கொடிகள். காலைவரை அவை எனக்காக எழுதப்பட்டவை. இப்போது அவை வெறும் கொடிகளாக இருந்தன.

கங்காணி ஸ்டோர் வாசலில் கிழிந்த படுதாவைத் தைத்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் போனதற்கு முதலில் ஒரு பாட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். சீட்டை எரித்ததைச் சொன்னபோது ஊசியை நிறுத்தினார். கையெழுத்தை நான் போட்டதைச் சொன்னபோது என்னையே பார்த்தார்.

"எங்கையெழுத்த நீ திருத்துனியா?"

கோணலாக இருந்தது அண்ணே என்று உளறினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் படுதாவைக் கீழே வைத்தார்.

"நாலே எழுத்துடா. அத ஒரு மழைக்காலம் முச்சூடும் எழுதிப் படிச்சேன். அதுக்கு முந்தி மை தடவி உருட்டிக்கிட்டு இருந்தவன் நான். கங்காணியாக்குறப்ப, ரேகை வக்கிற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்னுட்டாக. முப்பத்தஞ்சு வயசுல, இதே அடுப்பு முன்னாடி உக்காந்து, கரியால பலகையில எழுதினேன். மத்த எழுத்தெல்லாம் பொறவு வந்ததுதான். கோணல்தான். ஆனா அது நானு."

ஐந்து மாதமாக நான் உட்கார்ந்து சுழி போட்டுப் பழகிய அதே அடுப்பு. நான் மட்டும்தான் அங்கே எழுத்துக்காகப் பாடுபட்டவன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளே போய்ப் பென்சிலும் தாளும் கொண்டுவந்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு எழுத்தையும் தனியாக, கல்லில் கொத்துவது போல எழுதினார். ஓர் எழுத்து முடிந்ததும் அதைப் பார்ப்பார். பிறகு அடுத்தது. மேல்வரி முடியும்போதே மரநிழல் வாசல்படியைத் தாண்டி நீண்டுவிட்டது. மேலே உள்ளதை நான் எழுதுகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கையெழுத்துக்கு வந்தபோது அவர் ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடித்தார். நாலு எழுத்தும் முடிந்த பிறகுதான் விட்டார். நான் சொல்லை எழுதும்போது செய்வதும் அதுதான். தாளை எடுத்தபோது பென்சில் அழுத்தியது பின்பக்கம் விரலில் தட்டுப்பட்டது.

தாளை நீட்டிக்கொண்டே, இனி எந்த ஊருக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போ என்றார். சரி அண்ணே, போறேன் என்றேன். அதுதான் நான் ஒரு ஊரில் சொல்லிக்கொண்டு கிளம்பிய முதல் தடவை.

பாதி நடையும் பாதி ஓட்டமுமாகச் சாவடி வந்தபோது எதிர்மலையில் வெயில் மஞ்சளாகிவிட்டது. சாவடிக்காரர் சீட்டை வாங்கினார். படிக்கவில்லை. தூரத்தில் வைத்தே, முகம் தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல, "ஆ, இது அவன்" என்றார். என் அழகான சீட்டை நாலாகக் கிழித்து என்னிடமே கொடுத்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு டம்ளர் கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து, ஆள் ஏற்றி இறங்குகிற கடைசி ஜீப்பை நிறுத்தி இருவரையும் ஏற்றிவிட்டார்.

ஜீப்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் கீழே சமவெளி ஒருமுறை வலப்பக்கம் வந்தது, ஒருமுறை இடப்பக்கம் வந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்துக்கொண்டே, கிழிந்த நாலு துண்டையும் கையில் மடித்துக்கொண்டிருந்தேன். அவர் முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். போடியில் இறங்கியதும், "எனக்குந்தான் ஆசை. அந்தச் சீட்டச் சம்பந்தக்காரகளுக்குக் காட்டணும்னு நெனச்சேன்" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். பிறகு ராசிங்காபுரம் ரோட்டில் வேகமாக நடந்துபோனார். மறுநாள் குறித்தபடி பூ வைத்தார்கள் என்று அந்த ஊர் ஆள் ஒருவர் சொல்லிப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

அன்று நான் பஸ் ஏறவில்லை. மறுநாள் காலை போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில், மூட்டைகளில் அழிந்துபோன மார்க்காவைத் திரும்பப் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மார்க்கா. முதல் மூட்டையில் இருந்தது ஐந்துகால் நட்சத்திரம். அதில் ஒரு கால் மட்டும் குட்டை, கொஞ்சம் வெளியே மடங்கியும் இருந்தது. எந்தக் காலத்தில் யார் கை நடுங்கிப் போட்டாரோ தெரியாது. ஒரு துரும்பை எடுத்து அந்தக் காலை அளந்தேன். அளந்தபடியே, அதே குட்டையாக, அதே மடங்கலாகப் போட்டேன். இப்போதும் பேனாவை எடுத்தால் என் எழுத்து தண்ணீர்போலத்தான் ஓடுகிறது. ஆனால் எனக்கு எதிரே ஒருவர் குனிந்து, திக்கித் திணறி, தன் பெயரை எழுதுவதைப் பார்க்க நேர்ந்தால், அவர் கடைசி எழுத்தை முடித்து மூச்சு விடும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.